ஆமைக்கு எவ்வளவு ஆயில்

அத்தான் பல் டாக்டர். வீட்டின் முன்னறைதான் கிளினிக். அதனாலோ என்னவோ, காரில் ஆயில் பார்ப்பதையும் பல் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். கையுறை மாட்டிக்கொள்வார். பின்பக்க மூடியைத் திறந்து, ஆயில் குச்சியை உருவி, பஞ்சால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து "ம்ஹும்" என்பார். கிளினிக்கில் அந்த "ம்ஹும்"மைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்து ஓடியவர்கள் உண்டு. காருக்கு அந்த வசதி இல்லை.

காருக்கு வீட்டில் ஆமை என்று பெயர். முதுகு வளைந்த பழைய வண்டி. இன்ஜின் பின்னால் இருக்கும். தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது. காற்றும் ஆயிலும்தான் அதைச் சூடாகாமல் காப்பாற்ற வேண்டும். "ஆயில்தான் இதுக்கு ரத்தம்" என்று அத்தான் சொல்வார். ஆமை எப்போதும் நின்ற இடத்தில் கொஞ்சம் ரத்தம் சிந்திவிட்டுத்தான் கிளம்பும்.

சின்னவளுக்கு, அதாவது அவர் மனைவியின் தங்கைக்கு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஏழேகாலுக்குத்தான். கார் இல்லையென்றால் வேலை இல்லை. அத்தான் ஒரு வாரத்துக்கு மட்டும் சாவியைக் கொடுத்தார்.

"தினமும் காலைல, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குச்சியப் பாரு. ஆயில் மேல் கோட்டைத் தொடணும். குறைஞ்சா ஊத்து. ஞாயித்துக்கிழமை நான் பாப்பேன். கோட்டை விட்டேன்னு வை, சாவி என் பைக்கு வந்துரும்."

சின்னவள் தலையாட்டினாள். அத்தானிடம் அவள் அதுவரை பேசிய மிக நீளமான வாக்கியம், "அக்கா சாப்பிடக் கூப்பிடுது" என்பதுதான்.

திங்கட்கிழமை ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. சொன்னபடி ஊற்றினாள். பரிசோதனைக் கூடத்தின் வாசலுக்குள் நுழைந்தபோது பின்னால் நீலப் புகை மண்டியது. காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, வேலைக்கு வந்தியா, கொசு மருந்து அடிக்க வந்தியா?"

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி குறைவு. மறுபடி ஊற்றினாள். அன்று மதியம், வேலை இடத்தில், இன்ஜின் ஆறியிருந்த நேரத்தில், சும்மா ஒரு சந்தேகத்துக்குக் குச்சியை உருவிப் பார்த்தாள். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆயில். புதன்கிழமை காலை வீட்டில் பார்த்தால் கோட்டுக்குக் கீழே. வீட்டில் வற்றிப்போகிறது, வேலைக்குப் போனால் ஊறுகிறது. மாடு கூட இவ்வளவு ஒழுங்காகச் சுரக்காது.

புட்டியோடு நின்றவள் முற்றத்தைப் பார்த்தாள். தெரு மேடு, வீடு பள்ளம். கிளினிக் சுவரை முட்டுவது போல மூக்கைத் தாழ்த்தி நின்றது ஆமை. உள்ளே இருக்கும் ஆயில் எல்லாம் முன்பக்கம் ஓடியிருக்கும். குச்சியோ பின்கோடியில், ஆழமில்லாத பக்கம். சாய்ந்த மேசையில் வைத்து எதையும் அளக்கக் கூடாது என்பது கல்லூரியில் முதல் நாள் பாடம். அத்தான் பன்னிரண்டு வருடமாகச் சாய்த்து வைத்து அளந்து, அதிகமாக ஊற்றி, அது ஒழுகியும் புகைந்தும் தீர்ந்ததும் மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஊற்றாமல் புட்டியை மூடினாள். அக்காவிடம் சொன்னாள்.

"பன்னெண்டு வருஷமாத் தப்பாப் பாத்திருக்கீங்கன்னு நீயே போய்ச் சொல்லுடி" என்றாள் அக்கா. "எப்பச் சொல்லப் போறேன்னு மட்டும் முன்னாடியே சொல்லிரு. நான் பக்கத்து வீட்டுக்குப் போயிடறேன்."

தன்னால் சொல்ல முடியாததைக் குச்சியே சொல்லட்டும் என்று சின்னவள் முடிவு செய்தாள். சனிக்கிழமை மாலை ஆமையைப் பின்பக்கமாக இறக்கி, வால் பள்ளத்திலும் மூக்கு தெரு மேட்டிலுமாக நிறுத்தினாள்.

ஞாயிறு காலை அத்தான் கையுறையோடு வந்தார். குச்சியை உருவினார். ஆயில் மேல் கோட்டை மூழ்கடித்து, பாதிக் குச்சிக்கு ஏறி, அவர் செருப்பின் மேல் சொட்டியது.

குச்சி பேசியதென்னவோ உண்மை. ஆனால் வேறு எதையோ பேசிவிட்டது.

"கோட்டைத் தொடச் சொன்னா குளிப்பாட்டி வச்சிருக்கே" என்றார் அத்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சின்னவளுக்கு நாளைய ஆறரை மணி கண்ணுக்குள் வந்து நின்றது.

"அத்தான்" என்றாள். "எப்பவும் போலத் திருப்பி நிறுத்திப் பாருங்க. அப்புறம் தெருவுல, சமதரைல ஒரு தடவை. மூணையும் பாத்துட்டு சாவிய வச்சுக்கோங்க."

அத்தானை வியப்பில் ஆழ்த்தியது அதிலிருந்த விஷயமல்ல, அதன் நீளம். வண்டியைத் திருப்பி நிறுத்தினார். ஆயில் இறங்கக் காத்திருந்தார்கள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒரு நோயாளி வந்தார்.

"டாக்டர், வலி உயிர் போகுது."

"இருங்க, ஆமைக்கு அப்புறம்தான் நீங்க."

குச்சி வெளியே வந்தது. கீழ்க்கோட்டுக்கும் கீழே. அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெருவில் ஏற்றி, மறுபடி காத்திருந்து, மறுபடி உருவினார். மேல் கோட்டுக்கு அரை விரற்கடை மேலே. நோயாளியும் எட்டிப் பார்த்தார்.

"ஒரே ஆயிலா டாக்டர்? மூணு விதமாக் காட்டுது?"

"சாய்ஞ்சு நின்னா தப்பாக் காட்டும்" என்றாள் சின்னவள்.

நோயாளி கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "டாக்டர், போன மாசம் எனக்குப் பல்லு எடுத்தீங்களே, அப்பக்கூட நாற்காலியச் சாய்ச்சு வச்சுத்தானே பாத்தீங்க?"

ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் நோயாளியிடம். "இவ கண்டுபிடிக்கிறாளான்னு சோதிச்சுப் பாத்தேன். சயின்ஸ் படிச்ச பொண்ணு இல்லையா."

"பன்னெண்டு வருஷமாவா சோதிச்சீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அத்தானுக்கு அது கேட்கவில்லை. கேட்காத முகத்தோடு பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"தேறிட்ட. இனிமே தெருவுல வச்சுப் பாரு."

சாவியெல்லாம் ஆயில் பிசுக்கு. துடைக்கக்கூட நிற்காமல் சின்னவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.