மூப்பரின் சாட்சி

தங்கையின் கால்விரல் இடுக்குகளை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் லம்ரியா. டுமா இறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வருஷம் வயிற்றுக்கட்டியோடு கிடந்தவள், ஐம்பத்துநாலு வயது. ஆனாலும் நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. லம்ரியா தன் நெற்றியைப் புறங்கையால் தேய்த்தாள். அங்கே மூன்று கோடுகள் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"மணி அடிக்கலையே" என்றாள் அடுப்படியிலிருந்து பக்கத்து வீட்டுத் தியுர். பிறகு அவளே பதிலும் சொன்னாள். "எப்படி அடிக்கும்? கோழியைத் தின்ன நரிக்குக் கோயில் மணியா!"

லும்பான் சிலோவில் சாவு விழுந்தால் கோயில் மணியை விட்டுவிட்டு அடிப்பார்கள். வயலில் நிற்பவன் மண்வெட்டியைக் கீழே வைப்பான். ஏரியில் வலை இழுப்பவன் துடுப்பை மடியில் போட்டுக்கொள்வான். சபைப் புத்தகத்தில் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் அந்த மணி. பெயர் நீக்கப்பட்டவருக்கு மணி இல்லை, போதகர் இல்லை, பாட்டு இல்லை. வீட்டு ஆட்களே சத்தமில்லாமல் தூக்கிப்போய்ப் புதைத்துவிட வேண்டும்.

டுமாவின் பெயரை நீக்கி இருபத்திரண்டு வருஷமாகிறது. ஜஹோட்மன் தன் மனைவி ரோலின் உயிரோடு இருக்கும்போதே டுமாவைக் கூட்டிக்கொண்டு மேடான் நகரத்துக்குப் போனான். ரோலின் செத்த பிறகுதான் இருவரும் ஊர் திரும்பினார்கள். சபைக்கு முன்னால் நின்று பாவத்தை அறிக்கை செய்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று மூப்பர்கள் சொல்லிவிட்டார்கள். "எல்லாரும் வரிசையா வந்து நில்லுங்க, கடைசி ஆளா நானும் நிக்கிறேன்" என்று டுமா சிரித்துவிட்டாள்.

அந்தச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. சாகும் நேரத்தில் ஒரு மூப்பரிடம் அறிக்கை செய்து மன்னிப்புக் கேட்டால் போதும். அந்த மூப்பரின் சாட்சியை வைத்துப் போதகர் பெயரைத் திரும்ப எழுதிவிடுவார். இந்தத் தெருவுக்கு மூப்பர் லம்ரியாதான்.

காலையில் டுமா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கொஞ்ச நேரம் அக்காவா இருக்காதே. மூப்பரா இரு."

"சொல்லு."

"ரோலினை அழ வச்சது நான்தான். அவகிட்டப் போய் மன்னிப்புக் கேக்க இனி வழியில்லை. சரிபண்ண என் கையில ஒண்ணுமே இல்லக்கா. அவரு எனக்காகச் சிலுவையில பட்டாருல்ல, அது போதும்னு எடுத்துக்கிறேன். எடுத்துக்கலாம்ல?"

"எடுத்துக்கலாம்" என்றாள் லம்ரியா. அவள் பாடம் அது. முப்பது வருஷமாக, முதல் திருவிருந்துக்குத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நமக்கு வர வேண்டிய தண்டனையை அவர் வாங்கிக்கொண்டார், அவருடைய நீதியை நமக்குக் கொடுத்தார். நாம் ஒழுங்காக நடப்பது அதைச் சம்பாதிக்க இல்லை, நன்றிக்காக. இதில் எது எதோடு பொருந்துகிறது என்று அவளுக்கு அடுக்களைச் சாமான்போல அத்துப்படி. ஆனாலும் ஒவ்வொரு இரவும் படுத்த பிறகு, அன்று யாரிடம் கடுமையாகப் பேசினோம், எந்த ஜெபத்தில் மனம் அலைந்தது என்று தேடிக்கொண்டே கிடப்பாள். டுமா வெந்நீர் கொதிக்கும் நேரத்துக்குள் கேட்டாள், வாங்கிக்கொண்டாள், கண்ணை மூடினாள்.

சின்ன வயதிலும் இப்படித்தான். பானையை உடைத்துவிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் டுமா. சில்லுகளைப் பொறுக்குவது லம்ரியா.

போதகர் மானேக் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். லம்ரியாவின் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவள் அவரை 'அமாங்', ஐயா, என்பாள்; அவர் அவளை 'இனாங்', அம்மா, என்பார். சடலத்தின் முன் தலைகுனிந்து நின்றுவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"இனாங், நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க? ஏதாவது சொன்னாங்களா?"

லம்ரியா துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"வாய் அசைஞ்சது அமாங். ஒண்ணும் புரியலை."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

போதகர் பெருமூச்சு விட்டார். "அப்போ நான் போதகரா இல்ல, பக்கத்து வீட்டு ஆளா வந்து போனதா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஜஹோட்மன் எழுந்து உள்ளே வந்தான். கையில், சடலத்துக்குப் போர்த்துகிற உலோஸ் துணி, மடித்தபடி.

"பரவாயில்ல மதினி. என்னாலதானே" என்றான். "நேத்துச் சொன்னா. எனக்குப் பயமில்லை, என் அக்கா பக்கத்துல இருப்பா, அவ பொய் சொல்லத் தெரியாதவள்னு சொன்னா."

லம்ரியா அவனைப் பார்க்கவில்லை. டுமாவின் நெற்றியைப் பார்த்தாள். அது அப்படியேதான் இருந்தது. மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல.

வயல் திருப்பத்தில் போதகரைப் பிடித்தபோது லம்ரியாவின் காலில் செருப்பில்லை. மூச்சு வாங்கியது.

"சொன்னா. தெளிவாச் சொன்னா. பாவத்தையும் சொன்னா, மன்னிப்பும் கேட்டா. நான் கேட்டேன்."

"அப்போ இப்ப கொஞ்சம் முன்னாடி?"

"அது பொய். அதையும் எழுதுங்க."

போதகர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இனாங், செத்தவங்களுக்கு எதிராப் பொய்ச்சாட்சி. எழுதினா மூப்பர் பொறுப்பு போயிடும். திருவிருந்து கிடையாது. சபைக்கு முன்னாடி நிக்கணும்..."

"சட்டத்தை எனக்கே சொல்லித் தர்றீங்களா அமாங்?"

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவளுக்கு அவ்வளவு சுலபமாக் கிடைச்சது." கோயில் பக்கம் கையைக் காட்டினாள். "போங்க. முதல்ல மணியை அடிக்கச் சொல்லுங்க."

அவள் திரும்பி நடந்து பாதி வழி வந்தபோது முதல் மணி விழுந்தது. வயலில் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். "யாருக்கு இனாங்?" என்று ஒருவன் வரப்பிலிருந்து கத்தினான்.

"என் தங்கச்சிக்கு" என்றாள்.

வீட்டில் தியுர் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். ஜஹோட்மன் சடலத்தின் காலடியில் குப்புற விழுந்து அழுதுகொண்டிருந்தான். லம்ரியா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாலு நாளாக இந்த வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவள், பெயர் நீக்கப்பட்ட வீடு என்று ஒரு வாய்த் தண்ணீர்கூட இங்கே குடித்ததில்லை. தன் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்துவிடுவாள்.

அது தெரிந்தும், என்ன நினைத்தாளோ, தியுர் ஒரு தம்ளர் காப்பியைக் கொண்டுவந்து தயங்கித் தயங்கி அவள் முன்னால் வைத்தாள். டுமா வாங்கி வைத்திருந்த தூள்.

லம்ரியா எடுத்துக் குடித்தாள்.

"சர்க்கரை கூடிப்போச்சா இனாங்?"

"இல்ல" என்றாள். தம்ளரை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து."