கட்டுகஸ்தோட்டையில் நின்ற கப்பல்

2021 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சரக்குக் கப்பலொன்று மகாவலியில் எதிர்நீச்சல் போட்டு வந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நின்றது. பொல்கொல்லை அணையை எப்படித் தாண்டியதென்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்றுதான் கேட்டார்கள். பால்மா, பருப்பு, மருந்து. மடவளை நஸ்லியாவுக்கு மருந்து மட்டும் போதும். ஆறு வயது மகள் இல்மாவுக்கு வலிப்பு. கண்டியில் எந்தப் பாமசியிலும் அதற்கான குளிசை இல்லை.

இறக்குமதிக்காரரின் கிளார்க் இராமநாதன் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நஸ்லியா நோட்டுக்கட்டோடு போய் நின்றாள்.

"கப்பல்காரங்க ரூபாயைத் தொடவே மாட்டாங்கம்மா. டொலர் கட்டினாத்தான் இறக்குவாங்க. பேங்க்ல டொலர் இல்லை."

எப்படி இருக்கும்? டொலர் இருநூற்று மூன்று ரூபாய்க்கு மேல் அசையக் கூடாதென்று கொழும்பில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். வரியைக் குறைத்த அதே அரசாங்கம், பற்றாத காசை அச்சடித்துத் தாராளமாகச் செலவும் செய்தது. ஊரெல்லாம் ரூபாய், அத்தனையும் அந்த ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது. கட்டாரில் லொறி ஓட்டும் அவள் கணவன் ஷாமில், மடவளையில் எல்லாரையும் போல, வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரன் கையில்தான் காசு அனுப்பினான். வங்கியைவிட உண்டியல்காரன் டொலருக்கு நாற்பது ரூபாய் கூடத் தந்தான். அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒரு புது அலுமாரிகூட வாங்கினாள். ரூபாய் மடவளைக்கு வந்தது, டொலர் தோஹாவிலேயே தங்கிவிட்டது. கரையில் நின்றபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

அங்கேயே நின்று ஷாமிலுக்குப் போன் எடுத்தாள். "நம்மட டொலர் வந்தீந்தா இந்தக் கப்பல் எப்பவோ எறக்கீக்கும். அல்லாவுக்காக பேங்க்ல போடுங்க."

"நான் ஒராள் போட்டு என்ன ஆகப் போகுது, புள்ள?" என்று அழுதான். போட்டான். கப்பல் அசையவில்லை. பெப்ரவரியில் இல்மாவுக்கு வந்த பெரிய வலிப்பு, போகும்போது அவள் பேச்சையும் கொண்டுபோனது.

மார்ச்சில் ஆணியைப் பிடுங்கினார்கள். மாதம் முடியுமுன் டொலர் முந்நூற்றை எட்டியது. வங்கியும் அதே விலை கொடுக்கவே உண்டியல்காரனுக்கு வேலை குறைந்து, மெல்ல மெல்ல டொலர் வங்கிக்கு வந்தது, கப்பலும் சரக்கை இறக்கியது. குளிசை மூன்று மடங்கு விலை. நஸ்லியா காதில் கிடந்ததைக் கழற்றி விற்று வாங்கினாள். வலிப்பு நின்றது. பேச்சு திரும்பவில்லை.

கப்பல் போய்விட்டது. ஆனால் அது நின்ற இடத்தில் ஆறு இன்னும் நிரம்பவில்லை. தண்ணீர் இருபக்கமும் விலகித்தான் ஓடுகிறது. பஸ் கொண்டக்டர் "கப்பலடி இறங்குங்க" என்கிறார். நஸ்லியா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவாள். இல்மா அந்தப் பள்ளத்தைக் காட்டி வாயைத் திறப்பாள். நஸ்லியா கொஞ்ச நேரம் காத்து நிற்பாள். பிறகு இருவரும் மீன் வாங்கப் போவார்கள்.