கீழே தட்டாத வண்டி

பதுளையில் ராமாமிர்தத்தின் ஜவுளிக்கடையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் கார் வாங்கப் போகிறார் என்ற செய்தி தெரியாதவர்கள் அந்த மாதம் யாரும் இல்லை. வெளிநாட்டு வாகனங்களை இறக்க அரசாங்கம் மறுபடியும் அனுமதி கொடுத்த நாளிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஹார்ட்வெயார் கடைக்காரரிடம் யோசனை கேட்டார், ஜோசியரிடம் கேட்டார், முடி வெட்டுகிறவரிடம்கூடக் கேட்டார். 'வாங்குங்க முதலாளி' என்று சொன்னவர்களுக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். 'எதுக்குங்க இவ்வளவு பெரிசு' என்று இழுத்தவர்களுக்கு அவசர வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

அவர் மனைவி விஜயலெட்சுமியிடம் மட்டும் அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவள் ஒரே வரியில் முடித்திருப்பாள். வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் எட்டு நிமிடம், காரில் போனால் பஸ் நிலையத்து நெரிசலில் இருபது நிமிடம். வண்டியிலோ ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒரே மகன் ரிஷி கொழும்பில் வேலை பார்த்தான், மாதம் ஒரு தடவை ரயிலில் வந்து துணி துவைக்கப் போட்டுவிட்டுப் போவான். அவனுக்குக் கொழும்பில் பெரிய இடத்தில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சம்பந்தக்காரர்கள் பதுளை ஸ்டேஷனில் இறங்கும்போது தன் வண்டியைப் பார்த்து வாயடைத்துப் போக வேண்டும் என்பதுதான் ராமாமிர்தத்தின் ஆசை. வாயை அடைக்க நினைத்தால் சாப்பாடு போட்டால் போதாதா என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

விஜயலெட்சுமி கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் அதே ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தாள். முதலாளி மகனாக இருந்த ராமாமிர்தம் அவளைத்தான் கட்டுவேன் என்று தகப்பனிடம் ஒற்றைக் காலில் நின்றார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான், அதிலேயே துணிச்சல் முழுவதும் தீர்ந்துபோய்விட்டது போலும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் மாமனார் வீட்டு வாசலை அவர் ஒரு தடவைகூட மிதித்ததில்லை.

காரணம் கேட்டால், பாதை. முதலில் வைத்திருந்த பழைய காருக்கு அந்தத் தோட்டத்துப் பாதையில் கீழே தட்டும் என்றார். அடுத்து ஒரு வேன், அதற்கும் தட்டும். அதற்கடுத்து வாங்கிய ஜப்பான் காருக்கு நிச்சயமாகத் தட்டும், ஏனென்றால் அது தரையோடு தரையாக ஊர்கிற ஜாதி. மாமனார் செத்தபோதுகூட மெயின் ரோட்டில், சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு, 'நீ போயிட்டு வா லெட்சுமி, நான் இங்கயே இருக்கேன்' என்று அவளைத் திரீவீலில் ஏற்றிவிட்டார். சாவு வீட்டில் ஆட்கள் மருமகன் எங்கே என்று கேட்டபோது, பாதை சரியில்லை, கார் கீழே தட்டும் என்று அவளே சொன்னாள். சொன்னது மட்டுமில்லை, நம்பவும் செய்தாள். இருபத்தெட்டு வருடம் ஒரு காரின் அடிவயிற்றை நம்பினோமே என்று இப்போது நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இந்த நேரத்தில் தோட்டத்திலிருந்து சந்திக்கு இறங்கி வந்து தம்பி முருகையா போன் பண்ணினான். அவன் மகள் சிவானுஜாவுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை ஜீவன் மொனராகலைப் பக்கத்தில் கணக்கு வாத்தியார். எல்லாம் பேசி முடிந்துவிட்டது, ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. சிவானுஜாவுக்கு முறை மாப்பிள்ளை அத்தை மகன் ரிஷி. ரிஷி அவளைக் கட்டப் போவதில்லை என்பது கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் குருவிக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறையுள்ள பெண்ணை வெளியே கொடுப்பதற்கு முன்னால், அத்தையும் மாமனும் பெண் வீட்டுக்கு வந்து, நாலு பேர் முன்னால் ஒரு வெற்றிலைத் தட்டை வாங்க வேண்டும். வாங்கினால், எங்களுக்கு இந்தப் பெண்மேல் உரிமை இல்லை, சந்தோஷமாக வேறு இடத்தில் கொடுங்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். மாமன் இருந்தும் வராவிட்டால், பெண் வீட்டை மாமன் மதிக்கவில்லை என்று ஊரே பேசும், அந்தப் பேச்சு மொனராகலைக்கும் போய்ச் சேரும்.

'வார ஞாயித்துக்கெழம வெத்தல மாத்துறோம், மச்சான மட்டும் எப்புடியாச்சும் கூட்டிட்டு வந்துரு அக்கா' என்றான் முருகையா. இருபத்தெட்டு வருடத்தில் அவன் அக்காவிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கணவரிடம் இதை விளக்கமாகச் சொன்னாள். மறுநாள் காலையில் மறுபடியும் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். மூன்று தடவையும் அவர் போனில், கார்களைப் பற்றி ஒருவன் மூச்சுவிடாமல் பேசுகிற வீடியோவைப் பார்த்தபடி 'உம்' கொட்டினார். அவர் காதில் விழுந்தது வெற்றிலை, சிவானுஜா, ரிஷி என்ற மூன்று வார்த்தைகள் மட்டும்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து விற்பனைக்காரப் பையன் றிகாஸ் வண்டியோடு வந்து இறங்கினான். கறுப்பு நிறத்தில், வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு மாடியில் நாலு தலை தெரிவதைப் பார்த்ததும் ராமாமிர்தம் வண்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். றிகாஸ் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ஆசனம் முதுகைப் பிடித்துவிடும், கூரை தானாகத் திறக்கும். முக்கியமாக ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி இரண்டங்குலம் எழும்பி நிற்கும். 'எந்தத் தோட்டத்துப் பாதையும் ஏறும் சேர். கீழ தட்டவே தட்டாது' என்றான்.

விஜயலெட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

'அப்ப எங்க தோட்டத்துக்கு ஒரு தடவ ஏத்திப் பாத்துருவோம்' என்றாள். 'ஏறிடுச்சுன்னா வாங்கிருங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.'

ராமாமிர்தம் முகத்தில் ஈயாடவில்லை. மாட்டேன் என்றால் பையன் எதிரில் கௌரவம் போகும். அதுவும் சரிதான், டெஸ்ட் பண்ணத்தானே வேண்டும் என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டார்.

அப்புத்தளை வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. அங்கே பனி இறங்கிப் பாதையே தெரியவில்லை. றிகாஸ் ஏதோ ஒரு விளக்கைப் போட்டதும், பனியைத் தானே விலக்கிவிட்டது போலத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஸ்லந்த நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்தது. சந்தியில் வண்டி திரும்பித் தோட்டத்துப் பாதையில் ஏறியபோது அறவே நின்றுவிட்டது.

அது கல்லும் குழியுமான மூன்று மைல் ஏற்றம். மழை அரித்த வளைவுகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. றிகாஸ் பொத்தானை அழுத்தினான். வண்டி எழும்பியது, ஏறியது. எங்கேயும் தட்டவில்லை, ஒரு கல்கூட உரசவில்லை. மடியில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்கூட அசையாமல் இருந்தது. விஜயலெட்சுமிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். இத்தனை சுலபமாக ஏறிவிடுகிற மலையா இது என்று இருந்தது. அந்த நிமிடத்தில் அவள் அந்த வண்டியை மனதார விரும்பினாள், விலை என்னவானாலும் வாங்கட்டும் என்றே நினைத்தாள்.

லயத்து வாசலில் பாய் விரித்து ஆட்கள் காத்திருந்தார்கள். வண்டி நின்றதும் எல்லோரும் எழுந்தார்கள். அவள் இறங்கினாள். றிகாஸும் இறங்கினான். ராமாமிர்தம் இறங்கவில்லை.

முதலில் போன் பேசுகிறார் என்று நினைத்தார்கள். போன் காதில்தான் இருந்தது, அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அங்கே சிக்னலே கிடையாது. பிறகு போனை வைத்துவிட்டு, ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி, புல்லில் அட்டை இருக்குமே என்று றிகாஸிடம் கேட்டார். வாசல் சிமெண்டு போட்டது, கழுவிக் கோலமும் போட்டிருந்தார்கள். அடுத்து முழங்கால் வலி என்றார். வண்டி ஏறிவிட்டதைப் பார்த்துவிட்டோம், நேரத்தோடு திரும்பினால் நல்லது, ஆனாலும் இந்த மாதிரிப் பாதைக்கெல்லாம் இந்த வண்டி பொருந்தாது, பெயிண்ட் போய்விடும் என்றார். பாதைக்கு வண்டி பொருந்தாது என்பதை வண்டி அந்தப் பாதையில் ஏறி வந்த பிறகு சொன்ன ஒரே ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

முருகையாவுக்கு விஷயம் புரியவில்லை. பாவம், மரியாதைக் குறைவு தன் பக்கத்தில்தான் என்று நினைத்துவிட்டான். மச்சானை வாசலில் நின்று கூப்பிட்டால் எப்படி இறங்குவார் என்று சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கே போனான். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மாமனுக்கென்று ஒரு பட்டுக்கரை வேட்டி. பின்னால் சிவானுஜா பட்டுச்சேலையும் பூவுமாகத் தலை குனிந்து வந்தாள். தகப்பனும் மகளும் அந்தக் கறுப்புக் கண்ணாடி முன்னால் நின்றார்கள். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

ராமாமிர்தம் தட்டைப் பார்த்தார், பூ வைத்த பெண்ணைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

'முருகையா, இந்தத் தட்டெல்லாம் வேணாம்' என்றார் கண்ணாடி இடுக்கு வழியாக. 'தப்பா நெனைக்காத. ரிஷிக்குக் கொழும்புல எடம் பாத்துட்டோம். இந்த மாதிரி ஆளுகள வச்சி என்ன மடக்கப் பாக்காத.'

அவர் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் அங்கே இருந்த அமைதியில் பாயின் கடைசி ஓரம் வரைக்கும் கேட்டது. முருகையா தட்டைப் பிடித்தபடி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். விஜயலெட்சுமி காலடியில் இருந்த கோலத்தைப் பார்த்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

சிவானுஜாதான் தலையை நிமிர்த்தினாள்.

'பயப்படாதீங்க மாமா' என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாக இருந்தது. 'இது என்னய உங்க வீட்டுக்குக் குடுக்குற தட்டு இல்ல. ரிஷி அத்தான் எனக்கு வேணாம்னு சொல்ற தட்டு.'

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். றிகாஸ் சட்டென்று குனிந்து சக்கரத்தைப் பரிசோதிக்கத் தொடங்கினான். ராமாமிர்தம் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி, சத்தமே இல்லாமல், வழுவழுவென்று மேலே ஏறி மூடிக்கொண்டது.

விஜயலெட்சுமி அப்போதும் காத்திருந்தாள். அவருக்கு ஒரு கடைசி நிமிடம் கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மகனை யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். இனிப் பாதை இல்லை, அட்டை இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து காலைக் கீழே வைத்து, 'தெரியாம பேசிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால், இருபத்தெட்டு வருடத்தையும் அவள் அந்த நிமிடமே மறந்துவிடுவாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஆசனத்தைச் சாய்த்துக்கொள்வது மங்கலாகத் தெரிந்தது. முதுகைப் பிடித்துவிடுகிற பொத்தானைத் தேடுகிறார் போல. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. இந்த ஆளுக்காகவா இத்தனை வருடம் பொய் சொன்னோம் என்று அருவருப்பாக இருந்தது.

தம்பியின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து பாயில் உட்கார்ந்தாள். தோட்டத்துத் தலைவர் ஜெயராசா தொண்டையைச் செருமிக்கொண்டார். வெற்றிலை மாற்றும்போது அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகு அதைக் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் முறையை விட முடியாதே.

'அத்தக்காரி வந்தாச்சு' என்றார். 'மாமங்காரரு வந்திருக்காரா?'

பத்தடி தூரத்தில் கறுப்பு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எல்லோரும் அதைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்கள். பாதை சரியில்லை என்று வழக்கம்போல அவள் இனிச் சொல்ல முடியாது.

'வரலங்க தலைவரே' என்றாள் விஜயலெட்சுமி. 'வண்டி மட்டுந்தான் வந்திருக்கு.'

ஜெயராசா தலையை ஆட்டினார். அப்படியானால் அத்தை கை ஒன்றே போதும் என்றார். முருகையா தட்டிலிருந்து அந்த வேட்டியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மீதியை அவள் கையில் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஆண்கள் எழுந்து பந்தக்காலுக்குக் குழி தோண்டப் போனார்கள்.