கூந்தல் தைலத்துப் பெண்

"இது என் பொண்ணு இல்லீங்க சாமி."

விழுப்புரத்து 'ஜனகோஷம்' வாரப் பத்திரிகையின் ஆசிரியர் சக்கரபாணி நிமிர்ந்து பார்த்தார். அவர் மேஜைமேல் அவருடைய பேப்பரையே விரித்துப் போட்டிருந்தாள் கோவிந்தம்மாள். எழுத்து தெரியாதவள். படம் தெரியுமே.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: 'காணை மோகினி மாயம்!' கீழே ஒரு பெண். அலையலையாகக் கூந்தல், இரு பக்கமும் வைர மூக்குத்தி, பட்டு ரவிக்கை, கிறங்க வைக்கும் சிரிப்பு.

எட்டு நாளாகக் காணாமற்போன கோவிந்தம்மாளின் மகள் அம்சா, காணை கிராமத்துக்காரி, மல்லாட்டை மில்லில் நிலக்கடலைப் பருப்புப் பொறுக்குகிறவள். பதினேழு வயது. நல்ல கருப்பு. சிறு வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டி இடது கன்னம் முழுக்கத் தழும்பு. மூக்குக் குத்தின துவாரத்தில் இன்றுவரை துடைப்பக்குச்சிதான்.

"போட்டோ கேட்டேன், குடுத்தியா?" என்றார் சக்கரபாணி.

"போட்டோவுக்கு நாங்க எங்கீங்க போறது?"

"அப்ப பேசாத. புதுசா படம் அடிக்க பிளாக் பண்ணணும்னா மெட்ராஸுக்கு அனுப்பணும். பத்து நாளாகும். கையில இருந்த பிளாக்கைப் போட்டேன். படம் இல்லாத பேப்பரை எவன் வாங்குவான்?"

உள்ளே அச்சுக் கோத்துக்கொண்டிருந்த சுப்பராயலு தலையைத் தூக்காமல் சொன்னார்: "கூந்தல் தைல விளம்பரத்து பிளாக்கும்மா அது. தைலக்காரரு கடையை மூடிட்டாரு. பிளாக் இங்கியே கெடக்குது."

"நீ எழுத்தைக் கோக்கறதைப் பாருய்யா."

படத்துத் தைலக்காரி நன்றாக விலைபோனாள். வழக்கத்தைவிட ஆயிரம் பிரதி கூடப் போயிருந்தது. சிதம்பரத்தில் பார்த்தேன், மாயவரம் நாடகக் கொட்டகையில் பார்த்தேன் என்று நாற்பது கடிதங்கள். காதலனோடு ஓடினாளா என்று ஒரு பக்கம் முழுக்க அலசிவிட்டார் சக்கரபாணி. காணை எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

"நேத்து திண்டிவனத்துல என் பொண்ணு இருந்தாங்க சாமி" என்றாள் கோவிந்தம்மாள்.

சக்கரபாணி சட்டென்று பேனாவைத் திறந்தார். "யாரோட?"

சொன்னாள். அரங்கநாதன் என்ற, வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகன். புதுச்சேரியில் பங்களா வேலை என்று ஆசை காட்டி அழைத்துப்போய், திண்டிவனத்தில் ஒரு கிடங்கில் ஒரு வாரம் பூட்டி வைத்திருந்தான். நேற்று மத்தியானம் பஸ் ஏற்றக் கொண்டுவந்தபோது அம்சா கையை உதறிவிட்டுக் கத்தினாள்: 'காணையில காணாமப் போன அம்சா நான்தான். ஒரு வாரமா கெடங்குல பூட்டி வச்சிருந்தான். எங்கம்மாகிட்ட வுட்டுடுங்க.'

கூட்டம் கூடியது. ஒருவன் இடுப்பிலிருந்து ஜனகோஷத்தை எடுத்து விரித்தான். படத்தைப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். 'மூஞ்சியப் பாரு, மோகினியாம்.' அரங்கநாதன் கும்பிட்டான். 'என் தங்கச்சிங்க. பேப்பரைப் பாத்ததுலேர்ந்து புத்தி பெரண்டுபோச்சு.' பரிதாபப்பட்ட நாலு பேர் அவளைக் கைகால் பிடித்துத் தூக்கி பஸ்ஸுக்குள் போட்டார்கள்.

"நேத்து சாயங்காலம் தேடிக்கினு அங்க போனேன். அங்க மல்லாட்டை விக்கிற தையல்நாயகி பாத்துக்கினே இருந்தாளாம். நான் தழும்பைச் சொன்னதும் 'நானுந்தான் சிரிச்சேன்'னு சொல்லி அழுதாங்க சாமி. ஒடனே போயி பஸ்காரங்கள கேட்டேன். எங்க எறக்குனீங்கன்னு. என்கிட்டயும் இதே படத்தைக் காட்டி, 'இவளுக்கு அம்மாவா நீ? கண்ணாடி பாத்துக்கினியா'ன்னாங்க."

சக்கரபாணியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. 'திண்டிவனத்தில் ஒரு பித்துப் பெண்!' தலைப்பின்கீழ் இரண்டு கோடு போட்டார்.

"பிரெஞ்சுக்காரன் எல்லையைத் தாண்டிட்டா நம்ம போலீஸ் போவாதாம். நீங்க வரணும் சாமி. அந்த எடத்துல நின்னு, இது பொய்ப் படம்னு உங்க வாயால சொன்னாதான் நம்புவாங்க."

"வெள்ளிக்கிழமை திருத்தம் போட்டுடறேன். மூணாம் பக்கம்."

"இன்னிக்கு செவ்வாய்ங்க."

"உன் பொண்ணுக்காகக் கிழமையை மாத்த முடியுமா?"

கோவிந்தம்மாள் பேனாவைப் பிடுங்கினாள்.

"எழுந்திரு."

'சாமி' இல்லை. 'ங்க' இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு மில்லுப் பெண்கள் ஒன்பது பேர், முந்தானையை இடுப்பில் செருகி நின்றார்கள். சுப்பராயலு எழுந்துவந்து, ஆசிரியரின் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

"ஜல்தி போயிட்டு வாங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், புதுச்சேரி பஸ்ஸின் படிமேல் ஏற்றப்பட்டார் சக்கரபாணி.

"மகா ஜனங்களே, நமது இதழில் ஒரு சிறு பிழை..."

"பிழை இல்ல" என்றாள் கீழே நின்ற கோவிந்தம்மாள். "பொய்யின்னு சொல்லு."

"பொய்" என்றார்.

"யாரு போட்டது?"

"நான்தான். அந்தப் படம் அம்சா இல்லை. நேத்து நீங்க பாத்த பொண்ணுதான் அம்சா."

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கட்டையே பார்த்துக்கொண்டு பேசினான். "கிளியனூர்ல எறங்கினாங்கம்மா. எல்லைச் சாவடியில ஊரு பேரு கேக்கறாங்கன்னு, மாட்டு வண்டி புடிச்சி இன்னிக்கு சாயங்காலம் குறுக்கால போறதா பேசிக்கினு இருந்தான்." பிறகு, யாரும் கேட்காமலே, "நானும் ஒரு கை புடிச்சேன்" என்றான்.

"எந்தக் கை?" என்று கேட்டாள் ஒரு மில்லுக்காரி. அவன் டிரைவரைப் பார்த்து விசில் ஊதினான்.

கிளியனூர் புளியந்தோப்பை ஒட்டி ஓர் ஓட்டுக் கொட்டகை. பெண்கள் வருவதைக் கண்டதும் அரங்கநாதன் வரப்பில் இறங்கி ஓடினான். வெகுதூரம் ஓடவில்லை. கிராம முன்சீப் வீட்டுக்கு அவனை இழுத்துப் போனபோது அவன் மேலே சட்டையும் இல்லை, வாயில் முன்பல் இரண்டும் இல்லை.

கோவிந்தம்மாள் கொட்டகைக் கதவைத் தள்ளினாள். மூலையிலிருந்து அம்சா எழுந்தாள். ஓடி வரவில்லை.

"நான் அம்சாங்க" என்றாள். "ஊரு காணை. கோவிந்தம்மா பொண்ணு. மல்லாட்டை மில்லுல வேலை. இது கஞ்சி கொட்டின தழும்பு, பாத்துக்குங்க."

"அடியே, நான்டி. அம்மாடி."

"நெஜமா நான்தாங்க."

கோவிந்தம்மாள் அந்தத் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அம்சா அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சக்கரபாணி கனைத்தார். "இந்தப் பொண்ணை ஒரு போட்டோ எடுத்துட்டா, மெட்ராஸ்ல பிளாக் பண்ணி சரியான படமா..."

"இவரு யாரும்மா?" என்று கேட்டாள் அம்சா.

"உன்னைப் பத்தி எழுதினவரு."

"என்னைப் பாத்திருக்காரா?"

"இல்ல."

அம்சா அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ் ரோட்டில் காத்து நின்றது. அதே கண்டக்டர். முன்சீட்டில் இருந்தவர்களை எழுப்பி, துண்டால் தட்டித் துடைத்து வைத்திருந்தான். அம்சா படியைத் தொடவில்லை.

"இதுலதாம்மா என்னைத் தூக்கிப் போட்டாங்க."

மத்தியான வெயிலில் தார் இளகிக் கிடந்தது. பதினொரு பெண்களும் திண்டிவனத்துக்கு நடந்தே கிளம்பினார்கள், அம்சாவை நடுவில் விட்டுக்கொண்டு.

சக்கரபாணி பஸ்ஸில் ஏறி, அவளுக்கென்று ஒழித்து வைத்த முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.