முதலில் சிவப்பை இறக்கவும்

கரண்ட் இல்லாத கம்பியில்தான் அப்பாவுக்குக் கரண்ட் அடித்தது. நட்டநடுப் பகல், மண்டையைப் பிளக்கிற வெயில், தெரு முழுக்க மின்விசிறிகள் நின்றிருந்தன. நிறுத்தியவரே அவர்தான். கம்பம் ஏறுவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியிலிருந்து அந்தத் தெருவின் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பெட்டியிலேயே விட்டுவிட்டு ஏறினால், புழுக்கம் தாங்காத எவனாவது வந்து சொருகித் தொலைப்பான். கட்டை தன் பையில் இருக்கும்வரை உயிரும் தன்னிடம்தான் இருக்கிறது என்று இருபத்தெட்டு வருடமாக நம்பியவர்.

நேற்றும் பையில்தான் இருந்தது. கருகிப்போன இணைப்பை வெட்டினார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. எதிர்வீட்டுக்குப் போகும் ஒயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தபோது அது திடீரென்று உயிர் பெற்றது. இடுப்புக் கயிறு தாங்கியதால் கீழே விழவில்லை. வலது உள்ளங்கை வெந்துவிட்டது. இரண்டு விரல்கள் தேறுவது சந்தேகம் என்றார் டாக்டர்.

“செத்த பாம்பு எழுந்து கொத்துன மாதிரி இருந்துச்சு பாப்பா,” என்றார் அப்பா, கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு.

“எந்தக் கம்பம்ப்பா?”

“அந்த மூணு மாடி வீட்டுக்கு எதிர்க் கம்பம். மொட்டை மாடி முழுக்க உங்க கம்பெனி சோலார்தானே. நான் வரைஞ்சதுன்னு போன மாசம் பெருமையா காட்டுனியே.”

மகள் சோலார் கம்பெனியில் வரைபடம் போடும் எஞ்சினியர். அந்த வீட்டின் ஒவ்வொரு ஒயரையும் அவள் காகிதத்தில் வரைந்திருந்தாள். தெருவுக்கு மின்சாரம் திரும்பிப் போக வழியே இல்லாமல்தான் வரைந்திருந்தாள்.

“கையுறை போடாம ஏறுனேன்னு எழுதிக் கையெழுத்துக் கேக்கறான் கான்ட்ராக்டர்,” என்றார் அப்பா. “குடுத்தாத்தானே போடுறதுக்கு. சரி, கையெழுத்தாவது போடலாம்னு பாத்தா, போடுற கையையே காணோம்.”

“இதுல சிரிப்பு வேற உங்களுக்கு,” என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து சீறினாள்.

அந்தக் கையெழுத்து விழுந்தால் தப்பு அப்பாவுடையது. கையும் போய், வேலையும் போய், பழி மட்டும் வீட்டோடு தங்கிவிடும்.

அலுவலகத்தில் மேலாளருக்கு ‘ஓகே சார்’ என்று பட்டப்பெயர். எந்தத் தாளை நீட்டினாலும் ஓகே என்று எழுதிவிடுவார். அவர் அவள் மேஜைமேல் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். உள்ளே மாற்று ஸ்விட்ச். தெரு மின்சாரமும் பேட்டரி மின்சாரமும் ஒருசேர நிற்கவே முடியாதபடி செய்வது.

“அந்த மூணு மாடி வீட்டுக்குப் போ. டெக்னீஷியன் வந்துடுவான். இதை மாட்டி, போட்டோ எடுத்து, போன மாசத் தேதி போட்டு ஃபைல்ல வச்சுடு. நாளைக்கு மின் ஆய்வாளர் வர்றாராம்.”

“இது என் டிராயிங்லயே இருந்ததே சார்.”

“இருந்துச்சு. மாட்டணும்னா சுவரை உடைக்கணும். புது டைல்ஸ்ல கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க அந்த வீட்டம்மா. வேற மாதிரி முடிச்சோம்.”

“வேலை முடிஞ்சதுன்னு என்கிட்ட கையெழுத்து வாங்குனப்ப இதைச் சொல்லலியே.”

“நீ மாடி ஏறிப் பாத்திருக்கணும்.”

பொம்பளப்புள்ளைக்கு வெயில்ல என்ன வேலை, ஏசியில உக்காந்து வரை என்று சொன்ன அதே வாய். அவளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பார்க்காமலேயே கையெழுத்தும் போட்டாள்.

“அந்த லைன்மேன் அரை போதையில ஏறியிருப்பான். அவனுங்க பொழப்பே அதான். நாம ஏன் மாட்டிக்கணும்?”

அந்த ஆள் யாரென்று அவள் சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரையாவது அனுப்புவார். சாயங்காலத்துக்குள் சுவர் சுத்தமாகிவிடும். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் அவள் உயரத்துக்கு பேட்டரி அலமாரி நின்றது. பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள். சிவப்பு தெரு மின்சாரம், பச்சை பேட்டரி. இரண்டும் ஒன்றாக மேலே இருந்தால், பேட்டரியில் சேர்த்த வெயில் வீட்டைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போய்விடும். போகாமல் காக்க அங்கே இருந்தது ஒரு காகிதம். பசை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ‘கரண்ட் போனால் முதலில் சிவப்பை இறக்கவும். பிறகு பச்சையை ஏற்றவும்.’ ஓகே சாரின் கோழிக்கிறுக்கல்.

அப்பாவின் உயிரை அந்த டேப்பில்தான் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

“எங்க வேலைக்காரப் பொண்ணு தினமும் கரெக்டா பண்ணுவா,” என்றார் வீட்டுக்கார அம்மாள். “நேத்துன்னு பாத்து லீவு போட்டுட்டா. அவளால வந்த வினை.”

“நேத்து பச்சையைத் தூக்குனது யாரு மேடம்?”

“என் பையன். வீட்ல இருந்துதான் வேலை பாக்கறான், பாதி மீட்டிங்ல கரண்ட் போயிடுச்சு. அவசரத்துல சிவப்பை மறந்துட்டான். மனுஷன்னா மறதி இருக்காதா?”

“என்ன படிச்சிருக்காரு?”

“எஞ்சினியரிங். வெளிநாட்டுல.”

“வேலைக்கார அக்கா எத்தனாவது?”

அந்த அம்மாள் அலமாரியின் மேல் இல்லாத தூசியைத் தட்டினார்.

அவள் காகிதத்தைப் படம் எடுத்தாள். கைப்பிடிகளை, ஒயர் சேரும் இடத்தை, உடையாத டைல்ஸை எடுத்தாள். டெக்னீஷியன் டிரில்லோடு வந்து நின்றார். “எந்த இடத்துலம்மா துளை போடணும்?”

“போடாதீங்க அண்ணே. ஆய்வாளர் இதை இப்படியே பாக்கணும்.”

“அதெப்படி, ஓகே சார் என்னைத் தொலைச்சுடுவாரே.”

“என் பேரைச் சொல்லுங்க.”

பச்சையை இறக்கினாள். இன்வெர்ட்டரை அணைத்தாள். மாடியிலிருந்து வரும் ஒயரின் ஸ்விட்சைத் திருப்பினாள். கடைசியாக பேட்டரியின் ஃபியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தாள். கையளவு இருந்தது, கல் மாதிரி கனத்தது. தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“ஏய், என்ன பண்றே? எங்க வீட்டுக்குக் கரண்ட்?”

“தெருவுல இருந்தா உங்களுக்கும் இருக்கும் மேடம். தெருவுல போனா உங்களுக்கும் போகும். மத்தவங்க எப்படி இருக்காங்களோ, அப்படி.”

அந்த அம்மாள் ஓகே சாரை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கட்டையைத் திருப்பி மாட்டு,” என்றது கைபேசி. “முடிஞ்ச வேலைன்னு கையெழுத்துப் போட்டவ நீ. நீயும் சேந்துதான் மாட்டுவே.”

“தெரியும் சார். பாக்காம போட்டேன்னு அதையும் எழுதித் தரப்போறேன்.”

“ஒரு குடிகார லைன்மேனுக்காக வேலையை விடப் போறியா? உங்க வீட்ல நீதானே முதல்ல படிச்சவ? யோசிச்சுப் பாரு.”

“அவரு குடிக்க மாட்டாரு சார். கம்பம் ஏறித்தான் என்னைப் படிக்க வச்சாரு. எங்க அப்பா.”

டெக்னீஷியன் டிரில்லைப் பைக்குள் வைத்து, யாரையும் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினார். அந்த அம்மாள் முதல் முறையாகக் காகிதத்தைப் பார்த்தார். கை அதை நோக்கி நீண்டது.

“கிழிங்க மேடம். படம் எடுத்தாச்சு. கிழிக்கறதையும் எடுத்துக்கறேன்.”

கை இறங்கியது.

தெருவில் நிழலே இல்லை. அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது அம்மா அழைத்தாள். அம்மாவின் குரலுக்குப் பின்னால் யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது.

“கான்ட்ராக்டர் மறுபடியும் பேப்பரோட வந்து உக்காந்திருக்கான்டி. கையெழுத்து வேணாமாம், இடது கட்டைவிரலை உருட்டினாப் போதுமாம். அப்பா போட்டுத் தொலைச்சிடலாங்கறாரு.”

“விரலை வைக்கக் கூடாதுன்னு சொல்லும்மா. நான் ஆய்வாளர் ஆபீசுக்குப் போயிட்டிருக்கேன்.”

“எதை நம்பி வைக்காம இருக்கறது?”

தோள்பை இடுப்பில் இடித்தது.

“கட்டை என் பையில இருக்குன்னு சொல்லு. அவருக்குப் புரியும்.”