செல்லுபடியான கையெழுத்து

மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவள் வேலை. மகனுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் விடுப்பில் இருந்துவிட்டு அன்று காலைதான் அலுவலகம் வந்திருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேலாளர் போனில் வந்தார்.

"ரொம்ப நன்றிங்க மேடம். சர்டிபிகேட் வந்ததும் லிஃப்டை ஓட விட்டுட்டோம்."

அந்த லிஃப்டின் பிரேக் தேய்ந்துவிட்டது, மாற்றாமல் ஓட்டக் கூடாது என்று போன வாரம்தான் குறிப்பு எழுதியிருந்தாள்.

கணினியில் சான்றைத் திறந்தாள். அடியில் அவள் பெயர், பக்கத்தில் பச்சை அடையாளம்: கையொப்பம் செல்லும். செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பது. அந்நேரம் அவள் மகனை மடியில் கிடத்திக்கொண்டு மருத்துவர் அறை வாசலில் காத்திருந்தாள்.

கணினியில் செருகி மின் கையொப்பம் போடும் டோக்கன் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. அதன் ரகசிய எண் தெரிந்த இன்னொருவன் எதிர் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் கொழுந்தன். அவனை இங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான், ஏதோ அவசரத்துக்கு எண்ணைச் சொன்னதும் அவள்தான்.

"நீதானா?"

"பிரேக் மாத்திட்டோம்னு சொன்னாங்க அண்ணி. நீங்க இருக்கிற நிலைமையில எதுக்குத் தொந்தரவுன்னு..."

"போய்ப் பாத்தியா?"

"இல்ல அண்ணி."

போனில் திரும்ப அழைத்து லிஃப்டை நிறுத்தச் சொன்னதற்கு மேலாளர் மசியவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டு இப்ப வேணாம்னா எப்படி? எழுத்துல குடுங்க. நாலாவது மாடியில வீடு காலி பண்றாங்க, சாமான் இறங்கிட்டு இருக்கு."

கொழுந்தனிடம் மேற்கொண்டு பேச நேரமில்லை. வாடகைக் காரில் ஏறியபடியே, அவளுடைய மின் கையொப்பத்தை வழங்கிய நிறுவனத்தை அழைத்தாள்.

"உங்க மின் கையொப்பத்தை இப்பவே முடக்கிடறோம் மேடம். ஆனா செவ்வாய்க்கிழமை போட்டது செல்லும். அப்ப உங்க கையொப்பம் நடப்புலதான் இருந்துச்சு."

"அது நான் போட்டது இல்லீங்க."

"ரகசிய எண்ணை யாருக்காவது சொல்லியிருந்தீங்களா?"

இல்லை என்றால் போதும். கொழுந்தன் திருடனாவான், அவள் தப்பித்துவிடுவாள்.

"சொல்லியிருந்தேன்."

"பதிவு பண்ணிக்கிறேன்."

அவள் நாலாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறியபோது லிஃப்டுக்குள் ஓர் இரும்பு பீரோ நின்றது. அதை ஒட்டி இரண்டு ஆட்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். கதவு பாதி மூடிவிட்டது. அவள் காலைக் குறுக்கே விட்டாள்.

"எல்லாரும் வெளிய வாங்க. பீரோ அப்படியே இருக்கட்டும்."

மேலாளர் ஓடிவந்தார். அவள் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, இந்தச் சான்றை நான் வழங்கவில்லை, லிஃப்டை இயக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். அவர் அப்போதும் முனகினார். தரைத்தளத்தில் ஒருவரையும் நிற்கவிடாமல் விலக்கிவிட்டு, அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று, பீரோ மட்டும் இருந்த லிஃப்டைக் கீழே வரவழைத்தாள்.

அது தரைத்தளத்தில் நிற்கவில்லை. தாண்டிப் போய் அடிப்பள்ளத்தில் மோதிய சத்தத்தில் படிக்கட்டுக் கம்பி அதிர்ந்தது. மேலாளர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை வீறிட்டு அழுதது.

விசாரணையில் ஒரு வருடம் அவள் சான்று வழங்கக் கூடாது என்றார்கள். கொழுந்தனுக்கு வேலை போயிற்று. மூன்று வாரம் வீட்டுப் பக்கமே தலைகாட்டாதவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றான்.

"நான் திருட்டுத்தனமா போட்டேன்னு சொல்லியிருந்தா உங்க உரிமம் தப்பிச்சிருக்குமே அண்ணி?"

"தப்பிச்சிருக்கும்," என்றாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."