சிரிச்சுக்கிட்டே கேளுங்க

கிறிஸ்துமஸ் அன்றைக்கு அந்த வீட்டில் அவளை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடவில்லை. "இன்னைக்கு நீ விருந்தாளி, சும்மா உக்காரு" என்று வீட்டுக்கார அம்மா தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டாள். தூரத்துக் கிடங்கில் மூட்டை இறக்கும் இவள் புருஷனையும் அழைத்திருந்தார்கள். ஆனால் அவனுக்கு மேசையின் அந்தக் கோடியில், வீட்டு மருமகன் பக்கத்தில் நாற்காலி. இவளுக்கு இந்தக் கோடி. நடுவே மெழுகுவர்த்தி, கேக், யார் யாரோ சொந்தக்காரர்கள்.

அவனிடம் சொல்ல அவளுக்கு ஒரே ஒரு சேதி. வீட்டுக்கார அம்மாவின் அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் வேலைக்கு வந்தது. பெரியவர் ராத்திரியில் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார் என்று அறையை வெளியே பூட்டிவிடுவார்கள். துணைக்குப் படுக்கும் அவளும் உள்ளேதான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. எடுத்துச் சொல்ல அவளுக்கு அவர்கள் பாஷை போதாது. அவனிடம் போனில் சொல்லலாமென்றால், அவன் தங்கும் அறை முழுக்கக் காது.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் அவனை அடுப்படிக்கு இழுக்கலாமென்று தட்டை எடுத்தாள். ஆளாளுக்குப் பதறிப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"பாவம், ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையே! உங்க பாஷையிலயே பேசுங்க, கேக்க ஆசையா இருக்கு" என்றாள் வீட்டுக்கார அம்மா.

கரண்டிச் சத்தம் நின்றது. அத்தனை முகமும் இவள் பக்கம் திரும்பியது.

"என்னங்க, சிரிச்சுக்கிட்டே கேளுங்க" என்றாள் அவள், பல்லெல்லாம் தெரிய. "ராத்திரியில என்னை உள்ள வச்சுப் பூட்டிடுறாங்க. மூச்சு முட்டுது. கூட்டிட்டுப் போயிடுங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று.

"சிரிங்கன்னு சொன்னேன்ல!"

சிரித்தான். "நான் படுக்கிறதே பாதிக் கட்டில் புள்ள. பகல்ல அதுல வேற ஒருத்தன். உன்னை எங்க வைப்பேன்?"

"அப்ப பூட்ட வேணாம்னாவது சொல்லுங்க. உங்களுக்குத்தான் பாஷை வருதே."

அவன் தன் தட்டைப் பார்த்தான். அவர்கள் பரிசாகக் கொடுத்த சட்டை மடியில் கிடந்தது. "இப்பவா? தின்ன வாய் ஈரம் காயலையே, எப்படிச் சொல்ல?"

எல்லாரும் கை தட்டினார்கள். "என்ன சொல்றாங்க?" என்றான் மருமகன்.

"சாப்பாடு பிரமாதமாம்" என்றான் அவன்.

வீட்டுக்கார அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "இவள நான் எங்கயும் விடமாட்டேன்" என்றாள் அவனிடம். "உங்க பாஷையிலயே சொல்லுங்க, அப்பதான் மனசுல இறங்கும்."

அவன் மடியிலிருந்த சட்டையை இன்னொரு மடிப்பு மடித்தான். "உன்னை... எங்கயும் விடமாட்டாங்களாம்."

"தெரியும்ங்க" என்றாள் அவள்.